வீட்டு அச்சுப்பொறியைப் பகிர்தல்: வலைக்குள் யார் யார்?

வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுள் பலர், ஆதார் நகலையும் கணக்கு அறிக்கையையும் வழியிலுள்ள ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு எடுத்து வருகின்றனர். கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பிவிட்டால் போதும். சில ரூபாயில் வேலை முடிந்துவிடுகிறது. தாள் நம் கைக்கு வந்துவிடும். கோப்போ கடையின் கணினியில் தங்கிவிடும். அதை யார் எப்போது அழிப்பார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்கு அதற்கு நேரமில்லை.

இதுபற்றிய ஓர் எச்சரிக்கை பெங்களூரிலிருந்தே ஒருமுறை வந்தது. 2022 மே 27 அன்று, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக் குறிப்பை வெளியிட்டது. ஆதார் நகலைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்க வேண்டா. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துக. இணைய மையங்களிலுள்ள பொதுக் கணினியில் மின்-ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிர்க்க. பதிவிறக்க நேர்ந்தால் எல்லாப் படிகளையும் அடியோடு அழித்துவிடுக என்று அது கூறியது. மக்களிடையே பெரும் குழப்பம் எழவே, இரண்டே நாளில், மே 29 அன்று, தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் என்று கூறி மத்திய அரசு அக்குறிப்பைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையுடன் நடந்துகொண்டால் போதும் என்றது. குறிப்பு போயிற்று. ஆனால் பொதுக் கணினி பற்றிய அந்த ஒரு வரி தவறென்று வங்கித் துறையில் இருப்போர் எவரும் சொல்லமாட்டார்.

மின்-ஆதார்க் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று சிலர் வினவலாம். ஆங்கில எழுத்தில் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அக்கடவுச்சொல். அச்சிட்ட தாளில் பெயரும் இருக்கிறது, பிறந்த தேதியும் இருக்கிறது. பூட்டின் மேலேயே சாவியை ஒட்டிவைத்தது போலத்தான் இது.

ஆகவே வீட்டிலேயே ஓர் அச்சுப்பொறியை வைத்துக்கொள்வது நன்று. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே ஒன்று வாங்கத் தேவையில்லை. ஒன்றை வாங்கி வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம். எப்படிப் பகிர்வது என்பதையும், பகிர்வின் எல்லையை எங்கே நிறுத்துவது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம். இரண்டாவது பாடத்தை நாங்கள் ஈஜிபுராவில், எங்கள் கூடத்திலேயே, சற்றுக் கூச்சத்தோடு கற்றுக்கொண்டோம்.

பகிரும் வழிகள்

பகிர்வதற்கு மூன்று வழிகள் உள்ளன. பழைய வழி, யுஎஸ்பி கம்பியால் ஒரு கணினியுடன் இணைத்துவிட்டு, அக்கணினியின் வாயிலாக மற்றவர்களுக்குத் திறந்துவிடுவது. விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று வரிசையாகச் சென்று, உரிய அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் என்பதைத் திறக்க வேண்டும். அங்கே ஷேரிங் என்னும் பக்கத்தில், இந்த அச்சுப்பொறியைப் பகிர்க என்னும் கட்டத்தில் குறியிட்டு, இடைவெளி இல்லாத ஒரு சிறு பெயரை இட வேண்டும். வீட்டின் வைஃபை வலையமைப்பு ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருத்தல் அவசியம். ‘பப்ளிக்’ என்றிருந்தால் கணினி தன்னைப் பிறர்க்குக் காட்டாது. கடவுச்சொல் கேட்டே பகிரும் ஏற்பாட்டை, சிரமம் என்று நினைத்து அணைத்துவிட வேண்டா. பிறகு மற்றக் கணினியில் ‘ஆட் டிவைஸ்’ என்பதை அழுத்தினால் அச்சுப்பொறியின் பெயர் தோன்றும். இவ்வழியின் குறை, முதற் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பதே. மகளின் மடிக்கணினி கல்லூரிக்குப் போய்விட்டால் வீட்டில் அச்சுப்பொறி இருந்தும் இல்லாததுதான்.

சில ரூட்டர்களின் பின்புறத்தில் யுஎஸ்பி துளை இருக்கும்; அச்சுப்பொறியை அதில் செருகிவிடலாம். அச்சிடல் நடக்கும், ஸ்கேன் பெரும்பாலும் நடக்காது. இவ்வழியை நாம் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது வழி, அச்சுப்பொறியே நேராக வைஃபையில் சேர்வது. இன்று கடையில் வாங்குபவற்றுள் பலவும் இவ்வகையே. சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றுக்கு அது கேட்காது.

சேர்த்துச் சில வாரங்கள் சென்றதும், ‘அச்சுப்பொறி ஆஃப்லைனில் உள்ளது’ என்னும் செய்தி தோன்றும். பழுதென்று எண்ணிப் பலர் பழுதுநீக்குபவரை அழைக்கின்றனர். பெரும்பாலும் காரணம் வேறு. ரூட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பது போன்ற ஓர் எண்முகவரியைத் தற்காலிகமாகத் தருகிறது. மின்சாரம் போய் வந்ததும் அந்த எண் வேறு கருவிக்குப் போய்விடலாம். கணினி பழைய முகவரியின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்னும் இடத்தில் அச்சுப்பொறிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மின்சாரம் என்றதும் இன்னொன்று: லேசர் அச்சுப்பொறியை வீட்டு யுபிஎஸ்ஸில் இணைக்க வேண்டா. மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடாகும் கணத்தில் அது இழுக்கும் மின்னாற்றலைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

கணினியோடு கணினி பகிர்ந்துகொண்டோர்க்கு 2021 தொல்லை மிகுந்த ஆண்டு. விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்னும் பகுதியில், பிரிண்ட்நைட்மேர் என்று பெயர்பெற்ற பெரிய ஓட்டை அவ்வாண்டு வெளிப்பட்டது. வெளியார் ஒருவர் அதன் வழியே புகுந்து முழுக் கணினியையும் தம் வசப்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர நாளுக்குக்கூடக் காத்திராமல் ஜூலை 6 அன்றே அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. ஆகஸ்டு முதல், அச்சுப்பொறிக்கான டிரைவர் மென்பொருளை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமாயிற்று. செப்டம்பர்த் திருத்தத்துக்குப் பின், ‘11பி’ என்று முடியும் ஒரு பிழை எண்ணோடு பல இடங்களில் பகிர்வே நின்றுபோனது. கணினியின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கினால் பிழை மறையும் என்று சொல்வார்கள். மறையும்தான், அது புதிதாகப் போட்ட பூட்டைக் கழற்றிவிடுவதற்கு ஒப்பாகும். எல்லாக் கணினிகளையும் புதுப்பித்து, டிரைவரை மீண்டும் நிறுவுவதே முறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும், மூலையில் கிடக்கும் பழைய கணினியை அச்சுக்கென்று ஒதுக்கியிருப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு விழித்த அச்சுப்பொறி

கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில், மேம்பாலத் தூண்களுக்கு அப்பால் உள்ள குறுந்தெருக்களைப் பார்த்தவர்கள் அறிவர். முப்பதுக்கு நாற்பது அடி மனையில் மூன்று, நான்கு மாடிகள் எழும்பி நிற்கும். தரைத்தளத்தில் வீட்டு உரிமையாளர். முதல் மாடியில் ஒரு குடும்பம். அதற்கு மேல், மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள் அறைக்கு இருவராக. நாங்கள் வாழ்வதும் அப்படிப்பட்ட வீட்டின் முதல் மாடியில்தான். தண்ணீர், துப்புரவு ஆகியவற்றோடு வைஃபையும் வாடகையில் அடக்கம். தரைத்தளத்தில் ஒரே ரூட்டர்; மாடிக்கு மாடி ஒரு சிற்றலைபரப்பி; கட்டடம் முழுமைக்கும் ஒரே கடவுச்சொல்.

புதிய அச்சுப்பொறி வந்து பத்து நாள் இருக்கும். ஓரிரவு பதினொரு மணிக்கு, எவரும் தொடாமலே அது முனகி விழித்து இரண்டு தாள்களை வெளியே தள்ளியது. எடுத்துப் பார்த்தால், முன்பின் அறியாத ஒருவரின் சம்பளச் சீட்டு! நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு எண், மாதப் பிடித்தம் யாவும் அதில் இருந்தன. மறுநாள் விசாரித்தபோது, மூன்றாம் மாடி இளைஞருடையது என்று தெரிந்தது. கைப்பேசியில் கோப்பைச் சேமிக்க முயன்றபோது அச்சிடும் பொத்தானில் விரல் பட்டுவிட்டதாம். பட்டியலில் இருந்தது ஒரே ஓர் அச்சுப்பொறி. அதுவே தானாகத் தேர்வாகிவிட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. இன்றைய அச்சுப்பொறி, தான் சேர்ந்த வலையில் தன் பெயரைத் தானே கூவி அறிவித்துக்கொண்டிருக்கும். ஐஃபோன்கள் 2010 முதலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எட்டாம் பதிப்பு வந்த 2017 முதலும், அக்குரலைக் கேட்டு, தனி மென்பொருள் நிறுவாமலே அச்சிட வல்லவை. வீட்டாருக்கு எளிமையாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது. ஆனால் யார் வீட்டார், யார் அயலார் என்பது வலைக்குத் தெரியாது. கடவுச்சொல்லை அறிந்த எல்லாரும் அதற்கு ஒரே குடும்பம்தான்.

வரலாற்றைப் பார்த்தால் இந்த இயல்பு பிறவியிலேயே வந்தது எனலாம். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில், 1970-களின் தொடக்கத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். அந்த ஒன்றோடு மையத்தின் எல்லாக் கணினிகளையும் இணைக்க வேண்டும் என்னும் தேவையே, 1973-ல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை வகுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று உலகெங்கும் ரூட்டர்களின் முதுகில் செருகப்பட்டிருக்கும் கம்பிகளின் மூதாதை, ஓர் அச்சுப்பொறியைப் பகிரப் பிறந்தது. அங்கே பகிர்ந்துகொண்டவர்கள் ஒரே நிறுவனத்து ஊழியர்கள். ஈஜிபுரா வீட்டில் பகிர்ந்துகொள்வோர்க்கு இடையே உள்ள உறவு, ஒரே உரிமையாளருக்கு வாடகை தருவது மட்டுமே.

இளைஞரின் தாள்களை உறையிலிட்டுக் கொடுத்தோம். அவர்தாம் ஒன்றைக் கேட்டார்: “சார், என் பேப்பர் உங்க வீட்டுக்கு வந்துச்சு. உங்க பேப்பர் எனக்கு வருமா?” வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தோம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொல்வது தொழிலுக்கு அழகன்று என்று தோன்றியது. அவர் அறையிலேயே அமர்ந்து, அவர் கைப்பேசியின் உலாவியில் எங்கள் அச்சுப்பொறியின் எண்முகவரியை இட்டோம். அதன் அமைப்புப் பக்கம் கடவுச்சொல் கேட்காமலே திறந்தது. அதில் ‘ஸ்கேன்’ என்றொரு பொத்தான். அழுத்தினோம். வெறும் வெள்ளைப் பக்கம் வரும் என்றுதான் எதிர்பார்த்தோம். வந்தது, அம்மாவின் ஓய்வூதியப் பாஸ்புக்கின் முதற் பக்கம், புகைப்படத்துடன். முதல்நாள் நகலெடுத்துவிட்டு, கண்ணாடித் தகட்டிலிருந்து எடுக்க மறந்திருந்தோம்.

அவ்விளைஞர் கண்ணியமானவர், தம் கைப்பேசியிலிருந்து அப்படத்தை எங்கள் முன்னிலையிலேயே அழித்தார். ஆனால் அக்கட்டடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று உரிமையாளருக்கே கணக்கில்லை. போனவர்களின் கைப்பேசியிலும் அதே கடவுச்சொல் இருக்கிறது.

எல்லை வகுத்தல்

அன்று மாலையே செய்தவற்றைச் சொல்கிறோம். முதலில், அந்த அமைப்புப் பக்கத்துக்கு நிர்வாகிக் கடவுச்சொல் இட்டோம். உலாவி வழியே ஸ்கேன் செய்யும் வசதியை அணைத்தோம். இது எல்லா மாதிரிகளிலும் இல்லை. இருக்கும் மாதிரிகளில் வாங்கும்போதே திறந்துதான் இருக்கும் என்று கொள்வது நல்லது. அடுத்து வைஃபை டைரக்ட். வீட்டு ரூட்டர் இல்லாமலே கைப்பேசியிலிருந்து அச்சிட, அச்சுப்பொறி தானே ஒரு சிறு வலையை ஒலிபரப்பும் ஏற்பாடு அது. சில மாதிரிகளில் அதன் தொடக்கக் கடவுச்சொல் 1 முதல் 8 வரையான எண்கள்தாம். தெருவில் நிற்பவரும் ஊகிக்கலாம். தேவையில்லாதோர் அதை அணைத்துவிடலாம்.

ஆனால் இவை கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டுமே. சுவர் எழுப்ப வேண்டுமானால் தனி ரூட்டர் வேண்டும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் எளிய ரூட்டரே போதும். உரிமையாளரின் இணைப்பிலிருந்து வரும் கம்பியை, நம் ரூட்டரில் ‘வான்’ என்று குறித்த துளையில் செருக வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பக்கத்தில் வரிசையாக உள்ள ‘லான்’ துளைகளில் ஒன்றில் செருகினாலும் இணையம் வரக்கூடும். ஆனால் சுவர் எழாது, இரண்டும் ஒரே வலையாகவே இருக்கும். ‘வான்’ துளையில் செருகினால், நம்மிடமிருந்து வெளியே செல்லலாம். மாடியிலிருந்து தாமாக உள்ளே வர இயலாது. உரிமையாளரின் வலை 192.168.1 என்று தொடங்கினால், நம்முடையதை 192.168.2 என்று தொடங்குமாறு மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் இரண்டும் குழம்பும். பிறகு அச்சுப்பொறி, கணினி, கைப்பேசி அனைத்தையும் இப்புதிய வலைக்கு மாற்றி, பழைய வலையின் பெயரை அவை மறக்கும்படி செய்ய வேண்டும்.

சொந்த வீட்டுக்காரர்கள், வாடகைக்கு விடுவோர் ஆகியோருக்கு இன்னும் எளிய வழி உண்டு. பெரும்பாலான ரூட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்னும் விருந்தினர் வலை இருக்கிறது. குடியிருப்போருக்கும் வந்து போவோருக்கும் அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்தால், அவர்கள் இணையத்தைப் பயன்படுத்தலாம்; வீட்டுக் கருவிகளைக் காண இயலாது. இதே காரணத்தால், நம் கைப்பேசியைத் தவறுதலாக விருந்தினர் வலையில் சேர்த்துவிட்டால், பக்கத்திலேயே நிற்கும் அச்சுப்பொறி கண்ணுக்குப் படாது. அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

வெளியுலகத்துக்கு அச்சுப்பொறியைத் திறந்துவிடுவது இதனினும் பெரிய தவறு. அலுவலகத்திலிருந்தே வீட்டில் அச்சிடலாமே என்று ரூட்டரில் 9100-ஆம் போர்ட்டைத் திறந்துவைப்போர் உண்டு. 2018 நவம்பர் இறுதியில், யூடியூபில் நம் நாட்டு டி-சீரீஸுக்கும் ஸ்வீடன் நாட்டு பியூடிபைக்கும் இடையே முதலிடப் போட்டி நடந்தது. ஒருவர் உலகெங்கும் இவ்வாறு திறந்துகிடந்த அச்சுப்பொறிகளைத் தேடிப் பிடித்து, பியூடிபைக்கு ஆதரவு தாருங்கள் என்னும் துண்டறிக்கையை அவற்றில் அச்சிடச் செய்தார். ஏறத்தாழ 50,000 பொறிகள் என்று அவரே சொல்லிக்கொண்டார். விளையாட்டாகத்தான் செய்தார். அந்தப் போர்ட் வழியே செல்லும் ஆவணம் மறையாக்கம் இன்றியே செல்கிறது என்பது மட்டும் விளையாட்டன்று. கடவுச்சொல் இட்ட கணக்கு அறிக்கையாயினும், அச்சுக்கு அனுப்பும் கணத்தில் அந்தப் பூட்டு அவிழ்ந்துவிடுகிறது. கணினியின் ஸ்பூலர்க் கோப்புறையிலும் அச்சு முடியும்வரை பூட்டில்லாத படி ஒன்று தங்கியிருக்கும். ‘அச்சிட்ட ஆவணங்களை வைத்திரு’ என்னும் விருப்பம் குறியிடப்பட்டிருந்தால் அது அழியவே அழியாது. அச்சுப்பொறியின் அட்வான்ஸ்டு பக்கத்தில் அக்குறியை எடுத்துவிடுக.

அச்சுப்பொறி காரணமின்றி விழித்தாலும், காரணமின்றி மௌனமானாலும், ஏன் என்று பார்த்துவிடுவது நல்லது. வங்கிப் பணியில் இருப்போர்க்கு இதில் ஒரு நினைவு உண்டு. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை, வங்கதேசத்தில் விடுமுறை நாள். அந்நாட்டு மத்திய வங்கியில், ஸ்விஃப்ட் பணப்பரிமாற்றச் செய்திகளைத் தானாக அச்சிடும் பொறியின் தட்டு வெறுமையாக இருந்தது. வழக்கமான பழுது என்றே அதிகாரிகள் எண்ணினர். உண்மையில், முந்தைய இரவு வலைக்குள் இருந்த திருடர்கள் சுமார் 95 கோடி டாலருக்கு மாற்று ஆணைகளை அனுப்பிவிட்டு, அவற்றின் அச்சு வெளிவராதவாறு தீநிரலால் தடுத்திருந்தனர். பெரும்பகுதி நியூயார்க்கில் நிறுத்தப்பட்டது, இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையால் மீண்டது, 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சுப்பொறியைச் சரிசெய்து தாள்களை எடுத்துப் படிப்பதற்குள் ஒரு நாள் கடந்துவிட்டது.

பழைய அச்சுப்பொறியை விற்கும்போதோ பரிமாற்றத் திட்டத்தில் கொடுக்கும்போதோ, அமைப்புப் பட்டியலில் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தே கொடுக்க வேண்டும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதன் நினைவகத்தில் இருக்கிறது. கண்ணாடி மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி இளைஞர் இப்போதும் அவ்வப்போது அச்சிட வருகிறார். கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வந்து, அச்சுப்பொறியின் முகப்பில் உள்ள துளையில் தாமே செருகி, தாள் வெளிவரும்வரை நின்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறார். எங்கள் வலையின் கடவுச்சொல்லை அவர் கேட்பதில்லை, நாங்களும் கொடுப்பதில்லை.